வீட்டிற்கேற்ற வெம்மை

வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் என்றே வெப்ப நாட்டினராகிய நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். நம் முன்னோர் அமைத்த திண்ணையும் நாற்சார் முற்றமும் ஓலைக்கூரையும் காற்றை உள்ளே வரவேற்பதற்கும் வெப்பத்தை வெளியே போக்குவதற்கும் ஏற்பட்டவை. ஆனால், ஆண்டின் பாதியைக் குளிரிற் கழிக்கும் மக்களுக்கு வீடு என்பது நெருப்பைச் சுற்றி எழுப்பப்பட்ட அரணாகும். இலத்தீன் மொழியில் வீட்டு அடுப்பைக் குறித்த 'போக்கஸ்' என்ற சொல்லே, பிற்காலத்தில் ஒளிக்கதிர்கள் குவியும் புள்ளிக்கும் பெயராயிற்று. குடும்பம் முழுவதும் வந்து குவியும் இடம் அடுப்பே என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது.

குளிர் நாட்டில் வீடு வாங்குவோரும் கட்டுவோரும் இன்று முதலில் எழுப்பும் வினாக்களுள் ஒன்று, "இவ்வீட்டின் வெப்ப அமைப்பும் வெந்நீர் அமைப்பும் இவ்வீட்டிற்குப் பொருந்துமா?" என்பதாகும். இது கைவினைஞரிடம் மட்டும் கேட்கும் சிறிய வினாப்போலத் தோன்றலாம். உண்மையில் இதற்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு நிற்கின்றது. அவ்வரலாற்றை நன்கு காட்டும் நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. வீட்டின் சுவர், எரிக்கும் பொருள், அதனைப் பேணும் கைகள், குடும்பத்தின் பணப்பை ஆகிய நான்கும் ஒத்திருக்கும் வரை எந்த வெப்ப அமைப்பும் நல்லதே. நான்கில் ஒன்று மாறி, ஏனையவை மாறாது நின்றால், நேற்றுவரை நன்மை செய்த அமைப்பே சுமையாகின்றது. சில வேளைகளில் உயிருக்கும் உலை வைக்கின்றது.

கிறித்துவுக்குப் பின் 43ஆம் ஆண்டில் உரோமர் பிரித்தானியத் தீவினுட் படையோடு புகுந்தனர். அவர்கள் தங்கள் நாட்டு வழக்கப்படி நீராடு மண்டபங்களையும் செல்வர் மாளிகைகளையும் அங்கே கட்டினர். குளோஸ்ரர் மாவட்டத்தைச் சேர்ந்த செட்வேர்த் என்னும் இடத்தில் உள்ள மாளிகையின் இடிபாடுகளில், சிறு தூண்கள் வரிசை வரிசையாய் நிற்பதை இன்றும் காணலாம். அத்தூண்களே ஒருகாலத்தில் அறையின் தரையைத் தாங்கின. வெளியே ஒரு உலையில் விறகு எரியும். சூடான காற்றும் புகையும் தரைக்குக் கீழேயுள்ள வெற்றிடத்திற் பரவி, சுவர்களுட் பதித்த மட்குழாய்கள் வழியாக மேலே செல்லும். தரை வெதுவெதுப்பாகும், அறையிற் புகை இராது. விற்றுரூவியஸ் என்னும் உரோமக் கட்டடக் கலைஞர், இத்தூண்கள் இரண்டு அடி உயரம் இருக்கவேண்டும் என்று அளவும் குறித்து வைத்தார். நீராடு மண்டபங்களின் உலைக்கு மேல் வெந்நீர், இளவெந்நீர், தண்ணீர் என மூன்று செப்புக் கலங்களை அமைக்கும் முறையையும் அவர் எழுதியுள்ளார்.

இத்துணைச் சிறந்த முறை, உரோம ஆட்சி ஏறத்தாழ 410ஆம் ஆண்டில் அத்தீவை விட்டு நீங்கிய பின்னர் அங்கே வழக்கொழிந்து போயிற்று. மக்கள் அறிவிழந்தமையே காரணம் என்று கூறுதல் எளிது. ஆனால், அவ்வமைப்பு எதனை வேண்டி நின்றது என்று பார்த்தல் வேண்டும். கனத்த தரையும் சுவரும் சூடேற நெடுநேரம் விறகு எரியவேண்டும். இரவும் பகலும் உலையைக் காக்க அடிமைகள் வேண்டும். செங்கல்லும் மட்குழாயும் செய்யும் தொழிலாளர் வேண்டும். பேரரசு போனபோது இவை யாவும் போயின. மரச்சட்டமும் களிமண்ணும் கொண்டு வீடு கட்டிய உழவனுக்கு அந்த அமைப்பு பொருந்தவில்லை. அவன் தன் கூடத்தின் நடுவே நெருப்பை மூட்டினான். புகை கூரை இடுக்கால் வெளியேறிற்று.

நூற்றாண்டுகள் பல சென்றன. 12ஆம் நூற்றாண்டளவில் கோட்டைகளிற் காணப்படத் தொடங்கிய புகைபோக்கி, 16ஆம் நூற்றாண்டிலேயே சாதாரண வீடுகளுக்கு இறங்கி வந்தது. எசெக்ஸ் மாவட்டத்துக் குருவானவராகிய வில்லியம் ஹரிசன், 1577இல் வெளியான தமது நூலில், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் வியத்தகு முறையில் மாறியவையாகக் கூறியவற்றுள் புகைபோக்கிகள் பெருகியமையும் ஒன்று என எழுதினார். புகைபோக்கி வந்ததும் வீட்டின் உருவமே மாறிற்று. நடுக்கூடத்து நெருப்பு சுவரோரம் ஒதுங்கியது. கூடத்திற்கு மேலே மாடி எழும்பியது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு அமைந்தது. 1662 முதல் 1689 வரை, ஒரு கணப்புக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ஷில்லிங் என அரசு வரி விதித்ததிலிருந்தே, கணப்பின் எண்ணிக்கை குடும்பத்தின் செல்வத்துக்கு அளவுகோலாக இருந்தமை தெளிவாகும்.

இதற்கிடையில் எரிபொருள் மாறிற்று. விறகு அருகி விலையேறவே, இலண்டன் மக்கள் நியூகாசிலிலிருந்து கடல்வழியே வந்த நிலக்கரியை எரிக்கலாயினர். விறகுக்கு ஏற்ற அகன்ற புகைபோக்கி நிலக்கரிக்குப் பொருந்தவில்லை. எனவே ஒடுங்கிய வழிகள் கட்டப்பட்டன. 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட வழிகள் பரவின. அவ்வழிகளில் ஒட்டிய கரியைச் சுரண்ட வளர்ந்தவர் நுழைய இயலாது. ஆகவே, ஏழை வீட்டுச் சிறுவர்கள் உள்ளே ஏற்றப்பட்டனர். சிக்கி மூச்சடைத்து இறந்தோரும், தீப்புண் பட்டோரும், பிற்காலத்திற் புற்றுநோய்க்கு இரையானோரும் பலர். 1788, 1834, 1840 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டும் அவை நன்கு நிறைவேற்றப்படவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே மற்றுமொரு சிறுவன் மாண்ட பின்னரே, இக்கொடுமைக்கு முடிவுகட்டிய சட்டம் பிறந்தது. எரிபொருளுக்கும் புகைவழிக்கும் பொருத்தம் தேடிய மக்கள், அதனைத் துப்புரவு செய்யும் கைகளை எண்ணாது விட்டதன் விலை அது.

கணப்பைச் சீர்திருத்திய அறிஞர்களும் இருந்தனர். ரம்போர்ட் பிரபு எனப் பெயர்பெற்ற பெஞ்சமின் தொம்சன், 1796இல் வெளியிட்ட கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை நான்கு அங்குலமாக ஒடுக்கும்படி அறிவுறுத்தினார். புகை அறையினுட் புகுவது குறைந்தது. வெப்பம் அறையை நோக்கி வீசியது. ஆயினும் நெருப்பின் வெப்பத்திற் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்கே சென்றது. முகம் வேக, முதுகு விறைக்கும் நிலை அது. எனினும் அத்திறந்த நெருப்பு யாரும் கவனியாத ஒரு பணியையும் செய்தது. அறையின் ஈரக்காற்றை ஓயாது மேலே இழுத்து, கதவிடுக்குகளால் புதிய காற்றை உள்ளே வரச் செய்தது. இப்பணியின் அருமை பின்னர்த் தெரியவரும்.

வெந்நீரைக் குழாய்களிற் செலுத்தி அறையைச் சூடாக்கும் முறை புதியதன்று. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனமாகிக் கீழிறங்கும். இவ்வியல்பைக் கொண்டு, பிரான்சில் பொன்னமேன் என்பவர் 1777இல் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடங்களைச் சூடாக்கினார். இலண்டனில் அஞ்சியர் மார்ச் பேர்க்கின்ஸ் என்பவர், தடித்த இரும்பாலான மெல்லிய குழாய்களில் மிகு அழுத்தத்தில் வெந்நீரைச் சுழலவிடும் முறைக்கு 1831இல் உரிமம் பெற்றார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞராகிய சேர் ஜோன் சோன், ஒளிமாடங்களும் திறந்த கூடங்களும் நிறைந்த தமது இல்லத்திற்குப் பல வெப்ப முறைகளை முயன்று பார்த்த பின்னர், 1832இல் இம்முறையை அமைத்தார். பெரிய கட்டடங்களை அமைத்து நாட்டின் மதிப்பைப் பெற்ற ஒருவருக்கே, தம் வீட்டிற்குப் பொருந்தும் முறையைக் கண்டடைய இத்துணை முயற்சி வேண்டியிருந்தது.

ஆயினும் அம்முறை சாதாரண வீடுகளுக்கு வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நிலக்கரி மலிவாயிருந்தது, வசதி படைத்தோருக்கு ஒவ்வோர் அறைக்கும் கரி சுமந்து சாம்பல் அள்ளப் பணிப்பெண்கள் இருந்தனர். ஏழைகளோ சமையலறை அடுப்பொன்றையே நம்பி வாழ்ந்தனர். உலகப் போர்களின் பின்னர் பணியாட்கள் அருகினர். கரி சுமக்கும் வேலை வீட்டுத் தலைவியின் தோளில் ஏறியபோதே, கணப்பின் உண்மைப் பாரம் குடும்பத்தாருக்குத் தெரிந்தது.

அதன் மற்றைய பாரம் 1952 டிசம்பரில் வெளிப்பட்டது. அம்மாதம் 5ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை, காற்றசையாத கடுங்குளிரில், இலட்சக்கணக்கான கணப்புகளும் ஆலைகளும் உமிழ்ந்த புகை மூடுபனியோடு கலந்து இலண்டனை மூடிற்று. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தே மதிப்பிட்டனர். பின்வந்த ஆய்வாளர் 12,000 வரை கணக்கிட்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1961இல் வெளியான பார்க்கர் மொறிஸ் அறிக்கை, வெளியே உறைநிலையை அண்டிய குளிர் இருக்கும்போது சமையலறையிலும் நடைகளிலும் 13 பாகை செல்சியஸ், இருந்து உறவாடும் அறைகளில் 18 பாகை என வெப்பநிலைக்கு அளவு வகுத்தது. சிறிய மின்பம்பி வெந்நீரை மெல்லிய குழாய்களிற் செலுத்த உதவிற்று. 1965இல் வட கடலடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட பாவனையாளரின் அடுப்புகளும் கொதிகலன்களும் அவ்வாயுவுக்கு ஏற்ப மாற்றப்பட்டன. 1970ஆம் ஆண்டளவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளே முழுவீட்டு வெப்ப அமைப்பைக் கொண்டிருந்தன. இன்று பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் அது உண்டு.

இங்கிலாந்தில் இவ்வாறு எரிபொருள் மாறிய அதே காலத்தில், ஆசியாவின் மறுகோடியில் கொரிய மக்களின் வீடுகளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கே 'ஒண்டொல்' என்னும் தரைவெப்ப முறை தொன்றுதொட்டு நிலவியது. சமையலடுப்பின் புகை தரைக்கற்களின் கீழே ஓடி மறுபுறம் வெளியேறும். ஒரே நெருப்பு உணவையும் சமைத்து அறையையும் சூடாக்கியது. தரையில் அமர்ந்து உண்டு, தரையிலேயே உறங்கும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான முறை வேறில்லை. ஆனால், கொரியப் போரின் பின்னர் நகரங்களில் விறகுக்குப் பதிலாகத் துளைகளிட்ட நிலக்கரிக் கட்டிகள் வழக்கில் வந்தன. விறகுப் புகை தரை வெடிப்பினூடே கசிந்தால் கண்ணெரியும், மனிதன் விழித்துக்கொள்வான். நிலக்கரிக் கட்டியிலிருந்து கசியும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கோ நிறமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் எழவில்லை. பனிக்காலந்தோறும் பல குடும்பங்களை அந்நஞ்சு வாரிச் சென்றது. பின்னர், நெருப்பை அறைக்கு வெளியே வைத்து, தரையின் கீழ் வெந்நீர்க் குழாய்களை ஓடவிடும் முறை பரவிய பின்னரே, பழைய வாழ்க்கை முறையும் புதிய எரிபொருளும் மீண்டும் இணங்கின.

இங்கிலாந்திலும் புதிய வசதி தன் தீமையை உடன்கொண்டே வந்தது. பழைய கணப்புகளை அடைத்து, கதவிடுக்குகளையும் மூடி, கொதிகலனை மாட்டிய வீடுகளில் ஈரம் வெளியேற வழியில்லாது போயிற்று. சமையலிலும் நீராடலிலும் எழும் ஆவி, குளிர்ந்த சுவரிற் படிந்து நீராய் வழிந்தது. சுவரிற் பூஞ்சணம் பூத்தது. முன்பு கணப்பு ஓசையின்றிச் செய்த காற்றோட்டப் பணியை இப்போது யாரும் செய்யவில்லை. 1960களில் எழுந்த மாடி வீடுகள் பலவற்றிற்குத் தரையடி மின்வெப்பம் அமைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் மின்கட்டணம் ஏறியபோது, அங்கு வாழ்ந்த வறியவர்கள் அதனை மூட்டாமலே விட்டனர். வெப்ப அமைப்பு இருந்தும் வீடு குளிர்ந்தது. குளிர்ந்த சுவர் நனைந்தது. 2020இல் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று, வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்தமையால் இறந்தது. போதிய காற்றோட்டம் இன்மையும் அதற்கு ஒரு காரணம் என்பது 2022இல் நடந்த மரண விசாரணையில் வெளியாயிற்று. வெம்மையும் காற்றும் ஒன்றையொன்று பிரிந்தால் நேரும் இடரை அச்சிறு உயிர் நாட்டுக்கு உணர்த்திற்று.

இனி வெந்நீரைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். அறையைச் சூடாக்குதலும் நீரைச் சூடாக்குதலும் ஒரே கொதிகலனின் வேலையாயினும், இரண்டும் ஒரே இயல்பினவல்ல. ஒரு நிமிடத்திற்கு 10 லீற்றர் வீதம் ஓடும் நீரை 30 பாகை உயர்த்த ஏறக்குறைய 21 கிலோவாற்று வலு வேண்டும். அது நூறு வாற்று விளக்குகள் 210 ஒருங்கே எரிவதற்கு ஒப்பானது. அடக்கமாகக் கட்டப்பட்ட ஒரு சிறிய வீட்டைக் கடுங்குளிர் நாளிலும் சூடாக வைத்திருக்க இதில் மூன்றிலொரு பங்கே போதியதாகலாம். ஆகவே, திறந்தவுடன் நீரைச் சூடாக்கித் தரும் கொதிகலன் ஒரு குளியலறை உள்ள சிறு குடும்பத்திற்கு ஏற்றது. ஒரே வேளையில் மூவர் நீராடும் பெரிய குடும்பத்திலோ, ஒருவர் குழாயைத் திறக்க மற்றவர் குளிர்நீரில் நடுங்குவார். அத்தகைய வீட்டிற்கு வெந்நீரைச் சேமித்து வைக்கும் தாங்கியே பொருந்தும்.

தாங்கிக்கும் ஒரு நெறி உண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய கொடிய காய்ச்சலை ஆராய்ந்தோர், அதற்குக் காரணமான 'லெஜியோனெல்லா' என்னும் கிருமியை அடுத்த ஆண்டிற் கண்டறிந்தனர். இக்கிருமி வெதுவெதுப்பான நீரிற் பெருகும். ஆதலாற் சேமித்த வெந்நீரை 60 பாகையில் வைத்திருக்க அறிவுறுத்துகின்றனர். அறையின் வெப்பத்திற்கு அத்துணைச் சூடு வேண்டியதில்லை. இரண்டு தேவைகளும் இவ்வாறு எதிரெதிரே இழுக்கின்றன; நல்ல அமைப்பு இரண்டையும் இணக்குகின்றது.

இந்த இணக்கம் இக்காலத்தில் மேலும் இன்றியமையாததாயிற்று. புகையோடு போகும் ஆவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கொதிகலன்கள், 2005 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்டன. திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தாலே அவை அப்பயனைத் தரும். நீரை மிகச் சூடாக்கி ஓடவிடும் வீட்டில் புதிய கொதிகலனும் பழையதைப் போன்றே நடந்துகொள்ளும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றித் தரும் வெப்பப் பம்பியின் நிலையும் இத்தகையதே. கெல்வின் பிரபு 1852இலேயே இவ்வெண்ணத்தை எடுத்துரைத்தார். 1951இல் இலண்டனிற் கட்டப்பட்ட றோயல் பெஸ்ரிவல் மண்டபத்தில், தேம்ஸ் நதி நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பெரிய பம்பி அமைக்கப்பட்டது. பொறியியல் முறையில் அது வென்றது; ஆனால், மண்டபத்தின் தேவைக்கு மிகுந்த வெப்பத்தைத் தந்தமையாற் பொருந்தாது கைவிடப்பட்டது. இன்றைய வீட்டுப் பம்பி ஓரலகு மின்சாரத்துக்கு மூன்றலகு அளவில் வெப்பம் தரவல்லது. நீர் 35 முதல் 45 பாகை வரை இருக்கும்போதே அது சிறப்பாக இயங்கும். எனவே அகன்ற றேடியேற்றர்களோ தரையடிக் குழாய்களோ வேண்டும்; சுவரும் கூரையும் வெப்பத்தைக் காக்கவேண்டும். சுவரைத் திருத்தாமற் பம்பியை மட்டும் மாற்றுதல், பொத்தற் குடத்துக்குப் புதிய துலா அமைப்பதை ஒக்கும்.

இவை பிறநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை. நம் நாட்டிலேயே, 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், ஆங்கிலேயர் தம் ஊர் நினைவோடு கட்டிய பங்களாக்களிற் கணப்புகளும் புகைபோக்கிகளும் இன்றும் நிற்கின்றன. 1983இன் பின்னர் கடல்கடந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய நம் உறவினர் பல்லாயிரவர், இத்தகைய வீடுகளிலேயே பிள்ளைகளை வளர்த்து வருகின்றனர். நாள்தோறும் சோறும் கறியும் ஆவியெழக் கொதிக்கும் சமையலறையும், மூன்று தலைமுறையினர் கூடி வாழும் குடும்பமும், இருவர் வாழ்வதற்கென வகுத்த கொதிகலனுக்கும் அடைத்த சன்னலுக்கும் பொருந்துமா என்பது அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றாகும்.

அவர்கள் கேட்கவேண்டியவை அரிய கேள்விகளல்ல. குளிர்நாளில் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றது? காலையில் எத்தனை பேர் நீராடுகின்றனர்? ஈரக்காற்று வெளியேற வழி உண்டா? எரிகின்ற இடத்தில் நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி இருக்கின்றதா? மாதக் கட்டணத்தைக் குடும்பம் தாங்குமா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே, எந்த இயந்திரம் சிறந்தது என்ற கேள்விக்குப் பொருள் உண்டாகும்.

நேயர்களே, உரோமரின் தரையும், ஆங்கிலேயரின் கணப்பும், கொரியரின் ஒண்டொலும் தத்தம் வீட்டையும் தத்தம் மக்களையும் அறிந்தோர் ஆக்கியவை. அவற்றிற் குறை நேர்ந்த காலமெல்லாம், ஒரு பகுதியை மாற்றியவர் மறு பகுதியை மறந்த காலமாகவே இருந்தது. அளவறிந்து வாழ்தலை நம் முன்னோர் பொருளுக்கும் உணவுக்கும் கூறினர். வீட்டு நெருப்புக்கும் அவ்வளவு உண்டு. அதனை அறிந்து மூட்டுவோர் இல்லத்திலேயே வெம்மை நலமாய்த் தங்கும்.